பழித்தலும் அறிவுறுத்தலும்

சொற்களுக்கும் இளமையும் மூப்பும் உண்டு. இந்திய விடுதலை வரலாற்றைப் பள்ளியில் பயின்றோர் அனைவரும் 'மிதவாதிகள்', 'தீவிரவாதிகள்' என்ற இரு சொற்களை அறிவர். கோகலே, பெரோஸ்ஷா மேத்தா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோர் முதல் அணியினர். திலகர், லஜபதி ராய், விபின் சந்திர பால் ஆகியோர் இரண்டாம் அணியினர். தமிழகத்தில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பாரதியும் திலகரின் பக்கம் நின்றனர். இன்று அதே பாடத்தைப் படிக்கும் பிள்ளைக்குத் 'தீவிரவாதி' என்றால் நினைவுக்கு வருவது செய்தித்தாளின் வெடிகுண்டுச் செய்தியே. 'மிதவாதி' என்பதோ கோழைக்கு இட்ட நாகரிகப் பெயர் போல் ஒலிக்கிறது. ஆக, ஒரு சொல் ஓர் அணியை அச்சுறுத்தும் உருவமாக்கிவிட்டது; மற்றொரு சொல் எதிரணியை ஏளனத்துக்கு உரியதாக்கிவிட்டது.

இந்த இரண்டாம் தவறுக்குப் பொறுப்பு காலத்தின் போக்கு மட்டுமன்று. கவிதைக்கும் அதில் பங்குண்டு. மிதவாதிகளைப் பற்றித் தமிழர் நெஞ்சில் பதிந்த சித்திரத்தை வரைந்தவர் வரலாற்றாசிரியர் அல்லர், பாரதியே. எனவே அவருடைய கட்சிப் பாடல்களை, அவற்றின் நயத்துக்கும் நேர்மைக்கும் ஒருசேர மதிப்பிட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். எந்த எழுத்தையும் அது பிறந்த சூழலில் வைத்துப் படித்த பின்னரே அதன் பொருளை உரைக்க வேண்டும் என்பது குருமடத்தில் நமக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம். அப்பாடம் திருநூலுக்கு மட்டுமன்றி, தேசியக் கவிதைக்கும் பொருந்தும்.

சூரத்தில் நிகழ்ந்தது

1906 டிசம்பரில் கல்கத்தாவில் தாதாபாய் நௌரோஜியின் தலைமையில் கூடிய காங்கிரஸ், சுயராஜ்யமே குறிக்கோள் என்று முழங்கியது. சுதேசியம், அந்நியப் பொருள் விலக்கு, தேசியக் கல்வி ஆகியவற்றுக்கும் அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. ஆயின் அச்சொற்களின் பொருளில் இரு அணியினரும் ஒன்றுபடவில்லை. சட்டத்தின் எல்லைக்குள் நின்று, படிப்படியாக உரிமை பெறலாம் என்றனர் ஒரு சாரார். மனுக்கொடுத்துப் பெறுவது பிச்சையே. மக்களின் ஒத்துழையாமையே வலிமை என்றனர் மறுசாரார்.

அடுத்த ஆண்டு மாநாடு நாகபுரியில் நடைபெறுவதாக இருந்து, பின்னர் சூரத்துக்கு மாற்றப்பட்டது. திலகரின் செல்வாக்கு மிகுந்த இடத்தைத் தவிர்க்கவே இம்மாற்றம் என்று புதிய கட்சியினர் கருதினர். கல்கத்தாத் தீர்மானங்களும் நீர்த்துப்போகும் என்று அஞ்சினர். லஜபதி ராயைத் தலைவராக்க விரும்பினர். மிதவாதிகள் ராஷ் பிகாரி கோஷை முன்மொழிந்தனர். 1907 டிசம்பர் 26ஆம் நாள் தொடங்கிய மாநாடு கூச்சலில் கலைந்தது. மறுநாள் திலகர் மேடையேறிப் பேச முற்பட்டபோது அனுமதி மறுக்கப்பட்டது. கூட்டத்திலிருந்து பறந்துவந்த மராட்டியச் செருப்பொன்று சுரேந்திரநாத் பானர்ஜியைத் தாக்கி, மேத்தாவின் மீதும் பட்டது. நாற்காலிகள் உடைந்தன, போலீஸார் பந்தலைக் காலிசெய்தனர். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒன்றாயிருந்த காங்கிரஸ் அன்று இரண்டாயிற்று.

சென்னையிலிருந்து சூரத்துக்குச் சென்றோருள் சிதம்பரனாரும் பாரதியும் இருந்தனர். பாரதி தம் பயண அனுபவத்தை 'எங்கள் காங்கிரஸ் யாத்திரை' என்னும் சிறுநூலாக 1908இல் வெளியிட்டார். அந்நாள்களின் சூட்டிலேயே அவர் பாடல்களும் பிறந்தன. நாளை என்ன நடக்கும் என்றறியாதவர், நேற்றைய காயத்தோடு பாடியவை அவை.

நந்தனின் மெட்டில் மேத்தா

அக்காலத் தமிழில் இவ்விரு அணிகளுக்கும் 'புதிய கட்சி', 'நிதானக் கட்சி' என்ற பெயர்களும் வழங்கின. 'நிதானம்' என்பது இயல்பில் நற்சொல். அறத்தோடு தொடர்புடைய சொல். பாரதி அதையே நகைப்புக்குரியதாக மாற்றினார். அவர் கையாண்ட உத்தி மிக எளியது: எதிரியைத் திட்டாமல், எதிரியையே பேசவிட்டார். 'மேத்தா திலகருக்குச் சொல்வது', 'புதிய கட்சித் தலைவரை நோக்கி நிதானக் கட்சியார் சொல்லுதல்' ஆகிய இரு பாடல்களிலும் மிதவாதிகள் தாமே வாய்திறந்து, தம் அச்சத்தைத் தாமே வெளிப்படுத்துகின்றனர். கேட்போர் சிரிக்கின்றனர், கவிஞர் தீர்ப்புரைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

இவ்விரு பாடல்களுக்கும் அவர் தேர்ந்த மெட்டு, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளுடையது. இதில்தான் அவருடைய கலைத்திறன் உச்சம் தொடுகிறது. அக்காலத்தில் அக்கீர்த்தனைகளை அறியாத தமிழர் அரியர். சிதம்பரம் செல்ல வேண்டும் என்று நந்தன் தவிக்கிறான். அவனுடைய உறவினர்களோ, நம் குலத்துக்கு இது தகுமா என்று கடிகின்றனர். அந்த உறவினரின் மெட்டிலேயே மேத்தா பாடுகிறார். நந்தனின் இடத்தில் திலகர் நிற்கிறார். சுயராஜ்யம் சிதம்பரம் ஆகிறது. 'பாரத தேவியின் அடிமை' என்ற பாடலோ நந்தன் தன் ஆண்டையை மறுத்துரைக்கும் கீர்த்தனையின் மெட்டையும் கருத்தையும் தழுவி, புதிய கட்சியின் விடையாக நிற்கிறது.

இவ்வமைப்பில் ஒரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. பாரதி மிதவாதிகளுக்குப் பண்ணையாரின் வேடத்தைத் தரவில்லை. நந்தனின் சுற்றத்தாரின் வேடத்தையே தந்தார். அவர்கள் பகைவர் அல்லர். ஒரே சேரியில், ஒரே நுகத்தடியின் கீழ் வாழும் உறவினர். விடுதலையை வெறுப்பவர் அல்லர். விடுதலை கிட்டும் என்று நம்ப இயலாதவர். சினத்தின் நடுவிலும் கவிஞரின் உள்மனம் உறவை மறக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. துரோகி என்று ஒருவரை ஒதுக்குவதற்கும், அஞ்சும் உறவினர் என்று கடிவதற்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு.

எனினும் இதே அமைப்பில் ஒரு குறையும் உண்டு. அதை மறைத்தல் திறனாய்வாகாது. நந்தனின் உறவினர் அஞ்சியது எதற்கு? அவர்கள் முதுகில் விழக் காத்திருந்த சாட்டைக்கு. அவர்களுக்கு நிலமில்லை, மாற்று வேலையில்லை. ஒருவன் ஆண்டையை மீறினால் சேரி முழுவதும் பட்டினி கிடக்க நேரும். பம்பாயின் புகழ்பெற்ற வழக்கறிஞராகிய மேத்தாவின் தயக்கம் அத்தகையதன்று. படித்த வகுப்பாரின் தயக்கத்தை எள்ளி நகையாட, பண்ணையடிமைகளின் உண்மையான அச்சம் கருவியாக்கப்பட்டது. சிதம்பரத்தையும் நந்தனின் ஆதனூரையும் உள்ளடக்கிய பழைய தென்னார்க்காட்டில், கூலி வேலையையே நம்பி வாழ்ந்த சேரிகளை அறிந்தோருக்கு இவ்விடத்தில் சிரிப்பு எளிதில் வருவதில்லை.

வள்ளலாரின் பாட்டும் கிளிக்கண்ணியும்

'கோக்கலே சாமியார் பாடல்' வேறு வகையினது. இராமலிங்க அடிகள் இறையனுபவத்தைப் பாடிய ஒரு பாட்டைத் திரித்து, ஜான் மார்லி அளிக்கப்போகும் சீர்திருத்தத்தை எதிர்நோக்கிக் கோகலே தவிப்பதாக அமைத்தார் பாரதி. வள்ளலார் இறைவனிடம் வைத்த ஏக்கத்தைக் கோகலே ஓர் ஆங்கிலேய அமைச்சரிடம் வைக்கிறார் என்பதே கிண்டல். கூர்மையான கிண்டல்தான். 1909இல் வந்த மிண்டோ–மார்லி சீர்திருத்தம் நாட்டுக்குப் பொறுப்பாட்சியைத் தரவில்லை. ஆகவே கவிஞரின் ஐயம் அரசியல் வகையில் மெய்ப்பட்டது.

ஆனால் மனிதரை அளக்க இப்பாட்டு போதுமா? 1905இல் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவி, வறுமையை ஏற்றுத் தொண்டாற்ற இளைஞர்களை அழைத்தவர் கோகலே. எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி வேண்டும் என்று 1911இல் ஏகாதிபத்தியச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் அவர். அது தோற்கடிக்கப்பட்டது, எனினும் நம் ஊர்ப்புறத்து ஏழைப் பிள்ளைக்குக் கல்வி உரிமையாக வேண்டும் என்ற குரல் அங்கே ஒலித்துவிட்டது. கோகலேயையே காந்தியடிகள் தம் அரசியல் குருவாக ஏற்றார். பாட்டில் வரும் 'சாமியாரை' மட்டும் அறிந்தவர் இவற்றையெல்லாம் இழக்கிறார்.

அனைத்திலும் புகழ்பெற்றது 'நடிப்புச் சுதேசிகள்'. கிளிக்கண்ணி வடிவில் அமைந்த இப்பாடல், 1961இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படத்தில் இடம்பெற்று, கவிதை நூலைத் தொட்டிராதவர் காதிலும் பாய்ந்தது. மேடைகளில் இதைக் கேட்கும்போது ஒவ்வொருவரும் அது தமக்கு வேண்டாத அணியைப் பற்றியது என்றே மகிழ்கின்றனர். ஆயின் பாரதி இப்பாடலுக்கு இட்ட துணைத்தலைப்பு யாது? 'பழித்தறிவுறுத்தல்' என்பதாகும். பழித்து அறிவுறுத்தல், பழித்து ஒதுக்குதல் அன்று.

நம் மதிப்பீட்டுக்கு வேண்டிய அளவுகோலைக் கவிஞரே தந்துவிட்டார். பழிப்பு அறிவுறுத்தலாக முடிகிறதா? தாய் மகனைப் பழிப்பதும், அயலான் அவனைப் பழிப்பதும் சொல்லளவில் ஒன்றாயிருக்கலாம், பயனளவில் வேறு. 'நடிப்புச் சுதேசிகள்' பாடலில் பழிக்கப்படுவது மிதமான கொள்கையன்று. சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள பிளவே. அதனால்தான் அது இன்றும் நம்மைச் சுடுகிறது. கட்சிப் பாடல்களுள் நிலைத்து நிற்கும் தகுதி இதற்கே மிகுதி. மேத்தாவின் பாட்டும் கோகலேயின் பாட்டும் அடிக்குறிப்பின்றி விளங்குவதில்லை. அவை மனிதரைப் பழித்தன. இதுவோ ஒரு நோயைப் பழித்தது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக் கலெக்டர் விஞ்ச், சிதம்பரனாரை நோக்கிப் பேசுவதாக ஒரு பாட்டு எழுதிய பாரதி, சிதம்பரனாரின் மறுமொழியையும் தனிப் பாட்டாக எழுதினார். ஆள்வோனும் ஆளப்படுவோனும் அங்கே நேருக்கு நேர் நின்று வாதாடுகின்றனர். கலெக்டரின் குற்றச்சாட்டு அதன் முழு வலிமையோடு ஒலிக்கிறது. உடன்பிறந்த மிதவாதிக்கோ அத்தகைய மரியாதை கிட்டவில்லை. அவருடைய வாதத்தின் சிறந்த பகுதியை நாம் இப்பாடல்களில் கேட்பதேயில்லை. பகைவனோடு வாதாடுவதினும் உறவினரோடு வாதாடுவது கடினம் போலும்!

பாட்டுக்கு வெளியே

பாட்டுக்கு வெளியே நடந்தவை பாட்டினும் சுவையானவை. 1907இல், சூரத் பிளவுக்கு முன், பாரதியின் நாட்டுப் பாடல்கள் மூன்றை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் யார்? சென்னை மிதவாதிகளின் முன்னணித் தலைவர். ஜி.ஏ. நடேசன் வழியாகக் கவிஞரைச் சந்தித்து, பாடல்களைக் கேட்டு உருகி, தம் செலவில் அச்சிட்டார். பாரதியின் கவிதையைத் தமிழ் மக்களிடம் முதன்முதல் பரவலாகக் கொண்டுசென்றது நிதானக் கட்சியின் கை. கட்சி வேறுபாடு அந்தக் கைக்குத் தடையாகவில்லை.

அதே ஆண்டில் கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் இந்தியன் வங்கி தொடங்கிற்று. ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேய நிறுவனம் 1906இல் நொடித்து, எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு அழிந்ததே அதற்குத் தூண்டுகோல். அதற்கு முந்திய ஆண்டில் சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். ஓர் அணி கப்பல் விட்டது. மற்றோர் அணி வங்கி கண்டது. இரண்டுமே சுதேசியம். கப்பல் கம்பெனி அரசின் பகையாலும் போட்டியாலும் நலிந்து 1911இல் மூடப்பட்டது. வங்கி இன்றும் நம் ஊர்களில் இயங்குகிறது. கப்பல் மூழ்கியும் மக்கள் நெஞ்சில் மிதக்கிறது. வங்கி நிலைத்தும் அதன் பிறப்பு மறக்கப்பட்டுவிட்டது. துணிவு ஒருவகை விதை, நிறுவனம் மற்றொருவகை விதை என்று கொள்வதே நியாயம்.

இதனால் மிதவாதிகளின் மீதுள்ள குற்றச்சாட்டு நீங்கிவிட்டதா? இல்லை. சூரத்துக்குப் பின் அவர்கள் 1908 ஏப்ரலில் அலகாபாத்தில் கூடி, காங்கிரஸில் சேர விரும்புவோர் ஒரு கொள்கைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்று விதித்து, உறவினருக்குக் கதவை அடைத்தனர். அரசு அந்தப் பிளவை நன்கு பயன்படுத்தியது. 1908 மார்ச்சில் சிதம்பரனாரும் சிவாவும் கைதாயினர். ஜூலையில் சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனையாக 40 ஆண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. பின்னரே அது மேல்முறையீட்டில் குறைந்தது. அதே மாதத்தில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை, மாண்டலே சிறை. அவ்வாண்டு டிசம்பரில் மிதவாதிகளின் காங்கிரஸ் கூடியது நம் சென்னையிலேயே. அப்போது சிதம்பரனார் கோயம்புத்தூர்ச் சிறையில் இருந்தார். செக்கிழுக்க வைத்த சிறை அது. நிதானம் எந்த இடத்தில் அறமாகவும் எந்த இடத்தில் குற்றமாகவும் ஆகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. உடன்பிறந்தவன் சிறையிலிருக்கையில் கதவைத் திறக்க மறுத்த நிதானத்தைப் பழித்தது பிழையாகாது.

இருப்புப்பாதை வழியே

இப்பிளவின் தடம் நம் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலும் பதிந்துள்ளது. 1908 ஆகஸ்டில் 'இந்தியா' வார இதழின் சட்டபூர்வ ஆசிரியர் சீனிவாசன் கைதானார். அடுத்துத் தாம் என்றறிந்த பாரதி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குச் சென்றார். சென்னையிலிருந்து புதுவைக்குச் செல்லும் இருப்புப்பாதை திண்டிவனத்தைக் கடந்து, விழுப்புரத்தில் கிளை பிரிந்து, வளவனூர், கண்டமங்கலம் வழியாகச் செல்கிறது. ஒரு சந்திப்பு நிலையத்தில் தண்டவாளம் இரண்டாகப் பிரிவது போலத் தமிழகத்தின் அரசியலும் அன்று பிரிந்தது: ஒரு கிளை உயர்நீதிமன்றப் பதவிக்கும், மற்றொரு கிளை நாடுகடந்த வாழ்வுக்கும். 1909இல் கிருஷ்ணசாமி ஐயர் நீதிபதியானார். 1910 மார்ச்சில் புதுவை 'இந்தியா' நின்றுபோயிற்று.

1916இல் லக்னோவில் காங்கிரஸ் மீண்டும் ஒன்றாயிற்று. அதற்குள் கோகலேயும் மேத்தாவும் 1915இல் மறைந்திருந்தனர். ஒருவரையொருவர் மன்னித்துத் தழுவிக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கும் திலகருக்கும் கிட்டவில்லை. 1918 நவம்பரில் பாரதி புதுவையை விட்டு வெளியேறியதும் கைதாகிக் கடலூரில் சிறை வைக்கப்பட்டார். அவர் விடுதலைக்குப் பரிந்துபேசியோருள் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் 'பொன்வால் நரி' என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலக் கதையொன்றெழுதி அவ்வம்மையாரை நையாண்டி செய்தவரும் பாரதியே! பழிக்கப்பட்டவர் பழித்தவருக்காகக் கதவைத் தட்டினார். இதற்கு மறுமொழியாக எழுதத்தக்க பாட்டு எதுவும் இல்லை.

பெயர்களும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1908இல் ஆட்சியாளர் அஞ்சிய சிதம்பரனார், 1920இல் காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்க இயலாமல் காங்கிரஸிலிருந்து விலகினார். நேற்றைய தீவிரவாதி இன்றைய தலைமுறைக்குப் பின்தங்கியவராகத் தோன்றினார். அவர் மாறினாரா, அளவுகோல் மாறிற்றா? ஒருவரின் நெற்றியில் நாம் ஒட்டும் பெயர் அவரைப் பற்றிச் சொல்வதைவிட, நாம் நிற்கும் இடத்தைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறது.

இவ்வரலாற்றின் பிற்பகுதியில் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூருக்கும் இடமுண்டு. அவ்வூர் உழவர் குடியில் பிறந்த இராமசாமி ரெட்டியார் 1947இல் சென்னை மாகாணப் பிரதமரானார். முதலமைச்சரை அன்று அவ்வாறே அழைத்தனர். தனியார் கைகளில் இருந்த பாரதி பாடல்களின் உரிமையைப் பொதுவாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, 1949இல் அதை ஏற்று நாட்டுடைமையாக்க முன்வந்தது அவருடைய அரசே. அதே ஆண்டில், தம் கட்சிக்குள்ளேயே எழுந்த பிணக்கினால் அவர் பதவி துறந்தார். பின்னர் வடலூரில் வள்ளலார் வழித் தொண்டில் வாழ்நாளைச் செலவிட்டார். எந்த வள்ளலாரின் பாட்டைத் திரித்துக் கோகலேயைப் பாரதி பழித்தாரோ, அந்த வள்ளலாரின் நிழலிலேயே, பாரதியைப் பொதுவுடைமையாக்கியவர் ஓய்வு பெற்றார்.

ஆக, மிதவாதி ஒருவர் பாரதியைப் பரப்பினார். கட்சிப் பிணக்கில் பதவியிழந்த ஒருவர் பாரதியைப் பொதுவாக்கினார். பிளவுகளால் ஆன வரலாற்றில் கவிதை மட்டும் அணி பிரியாமல் நம் கைக்கு வந்து சேர்ந்தது.

அப்பாடல்களை நாம் எவ்வாறு படிப்பது? நீக்க வேண்டியதில்லை, மென்மையாக்கவும் வேண்டியதில்லை. துணைத்தலைப்போடு படித்தால் போதும். ஊர்க்கூட்டத்திலும் சங்கத்திலும் பங்குப் பேரவையிலும், பொறுத்துப் போவோம் என்பவரை விலைபோனவர் என்றும், உரிமை கேட்பவரைக் கலகக்காரர் என்றும் நாம் எளிதில் அழைத்துவிடுகிறோம். அவ்வாறு அழைக்கும்போது நம் நாவிலும் பாரதியின் பழிப்பு இருக்கிறது. ஆனால் அவருடைய அறிவுறுத்தல் இல்லை. எவரைப் பழிக்கிறோமோ அவர் திரும்பி வந்து நம்மோடு அமர ஓர் இருக்கையை விட்டுவைத்திருக்கிறோமா என்று முதலில் பார்ப்போம். இருக்கை இருந்தால் பழிக்கும் உரிமையும் உண்டு. சூரத்துப் பந்தலில் நாற்காலிகள் உடைந்தன. அவற்றைச் சீர்செய்ய ஒன்பது ஆண்டுகள் ஆயின.